உப்புக்காற்றில் சோலார் தாங்குமா?

கேள்வி: மாடியில் 3 கிலோவாட் சோலார் போட நினைக்கிறோம். கடலோரத்தில் தாங்குமா? கரண்ட் போனாலும் ஓடுமா?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: பேனல் தாங்கும், முதலில் துருப்பிடிப்பது ஸ்டாண்டும் போல்ட்டும்தான். பெயின்ட் அடித்த இரும்பு வேண்டாம். ஹாட் டிப் கால்வனைஸ் செய்த (உருகிய துத்தநாகத்தில் முக்கிப் பூச்சேற்றிய) ஸ்டாண்ட், உப்பை நன்றாகத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் கேளுங்கள். மாடிக்கு ஏற்றிய பிறகு வெல்டிங் வைக்க விடாதீர்கள்; பூச்சு கருகிய இடத்தில்தான் உப்பு அரிக்கும். 2011 தானே புயலைப் பார்த்த ஊருக்குச் சொல்லவா வேண்டும்? ஸ்டாண்ட் உயர உயரக் காற்று அடியில் புகுந்து தூக்கும், தாழ்வாகவே வையுங்கள்.

இடம் சுமார் 300 சதுர அடி; நாளுக்கு ஏறக்குறைய 12 யூனிட். மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய், ஆனால் வேலை முடிந்த பிறகே கணக்கில் ஏறும்.

பேட்டரி இல்லாமல், மின்வாரியக் கம்பியோடு இணைந்தே ஓடும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் மின்தடையில் நின்றுவிடும். பழுதல்ல, உங்கள் சோலார் கரண்ட் வெளியே பாயாமல் தடுத்து, கம்பியில் வேலைபார்ப்பவரைக் காக்கும் ஏற்பாடு.