சேலஞ்சர் விபத்து: எச்சரிக்கையைக் கேட்டிருந்தால் ஏழு பேரும் பிழைத்திருப்பார்களா?

1986 ஜனவரி 28. அமெரிக்காவின் சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பிய 73ஆவது வினாடியில் சிதறியது. கிறிஸ்டா மெக்காலிஃப் என்ற பள்ளி ஆசிரியை உட்பட ஏழு பேர் இறந்தார்கள். இதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த வரையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், உண்மையில் பழுதானது எது?

ஒரு ரப்பர் வளையம். ஓடத்தின் இரு பக்கமும் இருக்கும் திட எரிபொருள் ராக்கெட்டுகள் துண்டு துண்டாக வந்து ஃப்ளோரிடாவில் பொருத்தப்பட்டவை. ஒவ்வொரு இணைப்பிலும் ஓ-ரிங் எனப்படும் இந்த ரப்பர் வளையங்கள் இரண்டு உண்டு. ராக்கெட் பற்றியவுடன் உள்ளே அழுத்தம் ஏறி இணைப்பு லேசாக விரியும். அந்த இடைவெளியை ரப்பர் கண்ணிமைக்கும் நேரத்தில் பிதுங்கி அடைத்தாக வேண்டும். நான் பல வருடம் ரப்பர் சீல்களோடு வேலை பார்த்தவன். குளிரில் அவை எப்படி விறைத்துக்கொள்ளும் என்று நன்றாகத் தெரியும். அன்று கிளம்பும் நேரத்தில் வெப்பநிலை சுமார் 2 டிகிரி செல்சியஸ்தான். ஓடம் கிளம்பிய நொடியிலேயே வலது ராக்கெட்டின் கீழ் இணைப்பிலிருந்து கரும்புகை வந்தது, அதாவது வளையம் அடைக்கவில்லை என்பது, படத்தில் பதிவாகியிருக்கிறது.

கேள்வி: முன்பே எச்சரித்தார்கள் என்கிறார்களே, யார்?

அந்த ராக்கெட்டைச் செய்த மார்ட்டன் தயாக்கால் நிறுவனத்தின் பொறியாளர்களேதான். 1985 ஜனவரியில் சுமார் 12 டிகிரியில் கிளம்பிய ஓடத்தின் ராக்கெட்டுகளைக் கழற்றிப் பார்த்தபோது, இரண்டு வளையங்களுக்கும் நடுவே கரி படிந்திருந்தது. சூடான வாயு முதல் வளையத்தைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அந்த ஜூலை 31 அன்று ரோஜர் போஷொலே என்ற பொறியாளர், இதைச் சரிசெய்யாவிட்டால் மனித உயிர்கள் போகும் என்று மேலதிகாரிக்கு வெளிப்படையாக எழுதினார்.

அப்புறம் விபத்துக்கு முந்தைய இரவு. தொலைபேசிக் கூட்டத்தில் தயாக்கால், 12 டிகிரிக்குக் கீழே பறக்கவிட வேண்டாம் என்று பரிந்துரைத்தது. நாசாவின் மார்ஷல் மையத்தைச் சேர்ந்த லாரி முல்லாய், "எப்போது கிளம்பச் சொல்கிறீர்கள், அடுத்த ஏப்ரலிலா?" என்று கேட்டார். தயாக்கால் தனியாகப் பேச நேரம் கேட்டது. அந்த இடைவேளையில் நிறுவனத்தின் மூத்த நிர்வாகி ஜெரால்ட் மேசன், பொறியியல் துணைத் தலைவர் பாப் லண்டிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியை மாட்டச் சொன்னார். கிளம்பலாம் என்று நான்கு நிர்வாகிகள் முடிவெடுத்தார்கள். பொறியாளர்களிடம் வாக்குக் கேட்கவே இல்லை.

கேள்வி: அப்படியென்றால் தெரிந்தே கொன்றார்கள் என்றுதானே அர்த்தம்?

அப்படிச் சொல்ல மாட்டேன், தம்பி. பொறியாளர்கள் அன்றிரவு காட்டிய தரவு பலவீனமாக இருந்தது. 12 டிகிரியிலும் சேதம், 24 டிகிரியிலும் சேதம் என்றால் குளிர்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது என்று நாசா கேட்டது. சேதமே இல்லாத பயணங்களையும் சேர்த்துப் பார்த்திருந்தால் விடை கண்முன் நின்றிருக்கும்: 18 டிகிரிக்குக் கீழே நடந்த நான்கு பயணங்களிலும் சேதம், அதற்கு மேல் நடந்த 20 பயணங்களில் மூன்றில் மட்டும். இந்தக் கணக்கை அன்று யாரும் போடவில்லை.

ஆனால் என் மனம் ஆறாத இடம் வேறு. வழக்கமாக, பறப்பது பாதுகாப்பானது என்று பறக்க விரும்புபவர் நிரூபிக்க வேண்டும். அன்றோ, ஆபத்து என்று நீங்கள் நிரூபியுங்கள் என்று பொறியாளர்களிடம் கேட்டார்கள். சந்தேகம் இருந்தாலே நிறுத்தியிருக்க வேண்டும்.

கேள்வி: ஒரு நாள் தள்ளிப்போட்டிருந்தாலே போதுமா?

அந்த ஏழு பேர் அன்று இறந்திருக்க மாட்டார்கள். ஆனால் இணைப்பு அதே இணைப்புதான். அழுத்தம் ஏறும்போது அது இறுகாமல் விரிகிறது என்பது 1977 சோதனையிலேயே தெரிந்தது. 1981இல் விண்வெளி ஓடத்தின் இரண்டாவது பயணத்திலேயே வளையம் அரித்திருந்தது. ஒன்று போனால் இரண்டாவது காப்பாற்றும் என்று நம்ப முடியாது என்று 1982இல் நாசாவே வகைப்படுத்தியது, பிறகு விலக்கு அளித்துப் பறக்கவும் விட்டது. சேதத்தோடு திரும்பிய ஒவ்வொரு பயணமும் "இந்த அளவு தாங்கும்" என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆகவே, தடுத்திருக்கக்கூடிய சரியான நேரம் எது என்றால் 1985 என்பேன். இணைப்பைத் திருத்தும் வரை பறப்பதை நிறுத்தியிருக்க வேண்டும். அந்த ஒரு இரவில் தள்ளிப்போட்டிருந்தால், இன்னொரு குளிர்காலம் வரை தப்பியிருக்கலாம், அவ்வளவுதான்.

கேள்வி: உள்ளே இருந்தவர்களுக்கு இது தெரியுமா?

தெரியாது. கிளம்பலாம் என்று கடைசி ஒப்புதல் தந்த நாசா உயரதிகாரிகளுக்கே இரவு நடந்த வாக்குவாதம் சொல்லப்படவில்லை.

கேள்வி: அண்ணா, கல்பனா சாவ்லா இறந்த விபத்திலும் இப்படித்தானா?

மிக நெருக்கமான கதை, அம்மா. 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா என்ற ஓடம் கிளம்பிய 82 வினாடிகளில் எரிபொருள் தொட்டியின் நுரைப்பொருள் துண்டு இடது இறக்கையில் மோதியது. பாதிப்பை அறிய ராணுவக் கருவிகளால் படம் எடுக்க வேண்டும் என்று பொறியாளர்கள் கேட்டார்கள். நிர்வாகம் ஏற்கவில்லை. நுரை பெயர்வதும் பல பயணங்களில் பார்த்துப் பழகிப்போன விஷயம். பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் ஓடம் சிதறியது. சேதத்தை முன்பே கண்டறிந்திருந்தால், தயாராகிக்கொண்டிருந்த அட்லாண்டிஸ் ஓடத்தை அவசரமாக அனுப்பி மீட்க முயன்றிருக்கலாம், அபாயம் அதிகம் என்றாலும் சாத்தியமே என்று விசாரணைக் குழு சொன்னது.

கேள்வி: எச்சரித்தவர்கள் கதி என்ன ஆனது?

போஷொலே விசாரணை ஆணையத்திடம் ஆவணங்களோடு உண்மையைச் சொன்னார். நிறுவனத்துக்குள் ஒதுக்கப்பட்டு வேலையை விட்டார். தயாக்காலைச் சேர்ந்த ஆலன் மெக்டொனால்ட் அந்த இரவு ஃப்ளோரிடாவில் இருந்தவர். கிளம்பலாம் என்ற பரிந்துரையில் கையெழுத்துப் போட மறுத்தவர். சாட்சி சொன்னதற்காக அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தில் எதிர்ப்புக் கிளம்பியதும் நிறுவனம் பணிந்தது. இணைப்பைப் புதிதாக வடிவமைக்கும் பொறுப்பு அவரிடமே வந்தது. மூன்றாவது வளையமும் குளிருக்கு எதிராக ஹீட்டர்களும் சேர்த்த அந்த ராக்கெட்டுகளோடு 1988 செப்டம்பர் 29 அன்று டிஸ்கவரி ஓடம் பறந்தது.