பின்பக்க வெளிச்சத்துக்கு எவ்வளவு தரலாம்?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். காவேரிப்பட்டினத்தில் சொந்த வீடு. மகன் குடும்பமும் எங்களுடன்தான் இருக்கிறது. இரண்டு மாதத்துக்குச் சராசரியாக 780 யூனிட் ஓடுகிறது. 4,600 ரூபாய் அளவில் கட்டுகிறோம். சோலார் போடலாம் என்று இரண்டு இடங்களில் விலை கேட்டேன். ஒருவர் சாதாரண பேனலில் 3 கிலோவாட்டுக்கு 1,95,000 ரூபாய் கேட்கிறார். மற்றவர் இரண்டு பக்கமும் மின்சாரம் எடுக்கும் பைஃபேசியல் பேனலை எட்டடி உயர இரும்புச் சட்டத்தில் பொருத்தித் தர 2,35,000 கேட்கிறார். 30 சதவீதம் கூடுதல் மின்சாரம் உறுதி என்கிறார். மாந்தோப்புக் கிணற்று மோட்டாருக்கும் சேர்த்துப் போடலாமா? கையில் இருப்பது 3 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை. முதிர்வுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. உடைக்கலாமா?

பதில்: மோட்டார் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். தோப்பில் இருப்பது இலவச விவசாய மின் இணைப்பு என்றால், அங்கே மிச்சப்படுத்த உங்களுக்குக் கட்டணமே இல்லை. விட்டுவிடுங்கள்.

இனி வீடு. நீங்கள் இரண்டு பேனல்களை ஒப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் மின் கட்டணச் சீட்டுதான் முக்கியமாகப் படுகிறது. நம் ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் 2 கிலோவாட் இரண்டு மாதத்தில் 480 யூனிட் தரும். உங்கள் 780இல் அதைக் கழித்தால் 300 யூனிட் நிற்கும். 500ஐத் தாண்டும்போது விழும் எட்டரை, ஒன்பதரை ரூபாய்ப் படிகள் அத்தனையும் போய்விடும். முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 சலுகை விலை, கடைசி 100க்கு மட்டும் யூனிட்டுக்கு நாலே முக்கால் ரூபாய் அளவில் வரும். ஆக 4,600 கட்டுகிற வீடு 700 ரூபாய்க்கு இறங்கிவிடும்.

மூன்றாவது கிலோவாட் என்ன செய்யும்? மீதமிருக்கும் அந்த 700 ரூபாயை அழிக்கும். ஆண்டுக்கு 4,200 ரூபாய். முதல் விலைப்பட்டியல்படி ஒரு கிலோவாட் 65,000 ரூபாய். பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய் மானியம், மூன்றாவதற்கு 18,000தான். அதாவது 47,000 ரூபாய் போட்டு ஆண்டுக்கு 4,200 எடுக்கிறீர்கள். அசல் திரும்பவே பதினோரு ஆண்டு ஆகும். முதல் இரண்டு கிலோவாட்டுக்கோ, மானியம் போக 70,000 அல்லது 80,000 ரூபாய் போட்டு ஆண்டுக்கு 23,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். நான்கு ஆண்டுக்குள் அசல் வந்துவிடும். வீட்டில் ஏசியோ மின்சார ஸ்கூட்டரோ வரப்போகிறது என்றால் மூன்றாவது கிலோவாட்டைப் பற்றிப் பேசலாம். இல்லையென்றால் இரண்டு போதும்.

இப்போது பைஃபேசியல். இந்தப் பேனலின் பின்புறத்திலும் கண்ணாடி இருக்கும். தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை அந்தப் பக்கமும் மின்சாரமாக்கும். ஆனால் பின்பக்கம் முன்பக்கத்தின் திறனுக்கு ஈடாகாது: பழைய பெர்க் வகையில் முன்பக்கத் திறனில் 70 சதவீதம், இப்போது வரும் டாப்கான் வகையில் 80 சதவீதம் அளவு. அதுவும் பின்னால் வெளிச்சம் வந்து சேர்ந்தால்தான். வெளிச்சத்தைத் தருவது உங்கள் மொட்டை மாடித் தரை. வெயிலும் மழையும் பட்டுக் கறுத்த சிமெண்ட் தளம், விழுகிற ஒளியில் நாலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பினால் பெரிது. புதிதாக வெள்ளையடித்த தளம் 60 சதவீதத்துக்கு மேல் அனுப்பும்.

சில மாதங்களுக்கு முன் பாலக்கோடு பக்கம் ஒரு வீட்டு மாடிக்குப் போயிருந்தேன். பைஃபேசியல் பேனல்கள், தகரக் கூரையின் மேல் ஒரு சாண் உயரத்தில். உச்சி வெயிலில் குனிந்து அடியில் கையை நீட்டினேன். உள்ளங்கை ரேகை தெரியாத இருட்டு. புளிய இலைச் சருகு ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. அந்தப் பின்பக்கத்துக்காக வீட்டுக்காரர் பல ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருந்தார். எனக்கு மனம் ஆறவில்லை. விற்றவர் ஒருமுறை மாடி ஏறிப் பார்த்திருந்தால் அந்தப் பணம் வீட்டுக்காரர் கையிலேயே இருந்திருக்கும்.

உங்கள் மாடி கறுத்த சிமெண்ட் தளம் என்றால், உயர்த்திப் போட்டாலும் 5 முதல் 8 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும் என்று கணக்கு வையுங்கள். வெள்ளைப் பூச்சு அடித்து, ஆண்டுதோறும் தேய்த்துக் கழுவி வந்தால் 10 சதவீதத்தைத் தாண்டலாம். 30 சதவீதத்தை நம்பி ஒரு ரூபாய்கூடக் கூட்டித் தராதீர்கள். 2 கிலோவாட்டில் 7 சதவீதம் என்பது இரண்டு மாதத்துக்கு 34 யூனிட். நாலே முக்கால் ரூபாய்ப் படியில் 160 ரூபாய்; ஆண்டுக்கு ஆயிரத்தைத் தொடாது. 3 கிலோவாட் போட்டுவிட்டாலோ, உற்பத்தியே 720 யூனிட் வந்து, மீதி 60 யூனிட் இலவச வரம்புக்குள் விழுகிறது. அதற்கு மேல் பின்பக்கம் தரும் யூனிட் அடுத்த கணக்கில் வரவாக நிற்கும். நீங்கள் செலவழித்தால் ஒழிய அது பணமாகாது. இதற்காகவா 40,000 ரூபாய்?

அந்த 40,000இல் பெரும்பகுதி பின்பக்கத்துக்கு அல்ல, எட்டடி இரும்புச் சட்டத்துக்குத்தான் என்று நினைக்கிறேன். பின்பக்க வெளிச்சத்துக்கு மூன்றடி உயரம் போதும். அதற்கு மேல் ஏற்ற ஏற்ற ஆதாயம் குறைவு. எட்டடி என்பது கீழே நடமாடவும், துணி காயப்போடவும், மூட்டை அடுக்கவும் இடம் வேண்டும் என்பவர்களுக்கு. அது நியாயமான செலவுதான், ஆனால் வேறு செலவு. கீழே கறுப்புத் தார்ப்பாயும் புளி மூட்டையும் அடுக்கிவிட்டால் பின்பக்க ஆதாயம் போயிற்று. உயரம் கூடினால் காற்றும் கூடும். சித்திரையில் கோடை மழைக்கு முன் வரும் காற்று ஒரே இரவில் எத்தனை மாங்காயை உதிர்க்கும் என்று தோப்புக்காரரான உங்களுக்குத் தெரியும். இருபுறக் கண்ணாடிப் பேனல் ஒவ்வொன்றும் 30 கிலோவை ஒட்டி இருக்கும். கால்களைத் தளத்தில் எப்படி இறுக்கப்போகிறார்கள், ஓட்டை போட்டால் மழைநீர் இறங்காமல் எப்படி அடைப்பார்கள் என்பதை எழுதி வாங்குங்கள்.

இத்தனைக்கும் நான் பைஃபேசியலுக்கு எதிரியல்லன். இருபுறமும் கண்ணாடி என்பதால் ஈரம் எளிதில் உள்ளே இறங்காது. டாப்கான் வகைக்குப் பெரும்பாலும் 30 ஆண்டு உற்பத்தி உத்தரவாதம் தருகிறார்கள். முதல் ஆண்டுக்குப் பின் தேய்மானம் ஆண்டுக்கு 0.4 சதவீதம் அளவுதான். முன்பக்க வாட்டுக்கு வாட் விலை ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே வாங்குங்கள். பின்பக்கம் தருவதை இனாமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். பேனலின் விவரத்தாளில் பின்பக்க ஆதாயத்தையும் சேர்த்த பெரிய எண் ஒன்று இருக்கும். 540 வாட் பேனலை 590 என்று சொல்லி விலை போடுவது அப்படித்தான். முன்பக்க எண்ணை வைத்தே விலையை வகுத்துப் பாருங்கள். மானியம் வேண்டுமென்றால் பேனலும் அதற்குள் மின்சாரம் எடுக்கும் சிறு தகடுகளான செல்களும் இந்தியாவில் செய்தவையாக இருக்க வேண்டும்; அந்தச் சான்றையும் கேளுங்கள். சோலார் பேனலுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. விலைப்பட்டியலில் எது இருக்கிறது என்று பாருங்கள்.

வைப்புத்தொகையை உடைக்க வேண்டாம். மானியம் வேலை முடிந்து, நெட் மீட்டர் (நீங்கள் எடுக்கும் யூனிட்டையும் மின்வாரியத்துக்கு அனுப்பும் யூனிட்டையும் அளக்கும் மீட்டர்) பொருத்தி, ஆய்வு நடந்த பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும். முழுத் தொகையையும் முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும். அதே வங்கியில் வைப்புத்தொகையின் பேரில் 1,40,000 ரூபாய் கடன் எடுங்கள். வட்டி வழக்கமாக வைப்புக்குக் கிடைப்பதைவிட ஒன்று அல்லது இரண்டு சதவீதம்தான் கூடுதல். மானியம் 60,000 வந்ததும் கடனில் கட்டுங்கள். மீதியை ஐந்தாம் மாதம் முதிர்வுத் தொகையில் கழித்துக்கொள்ளலாம்.

இரண்டு பேரிடமும் 2 கிலோவாட்டுக்கு, மூன்றடிச் சட்டத்தில், புது விலைப்பட்டியல் கேளுங்கள். பேனல் கழுவ மாடிக்கு வரும் தண்ணீர் எது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றி வெயிலில் காயவிட்டால், வெந்நீர்ப் பானையின் அடியில் படிவதுபோல வெள்ளைப் படலம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அது முன்பக்க உற்பத்தியையே தின்றுவிடும். மழைநீரைப் பிடித்து வைத்து, வெயில் ஏறுமுன் கழுவி, துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.