டப்பா ஆம்ப்ளிஃபயரும் டூப்ளிகேட் ஐசியும்: வாங்குவோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: பாக்கெட்டில் அடங்கும் ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயரை வீட்டிலேயே செய்வது. பெரும்பாலோர் கையில் எடுத்திருப்பது சூ மோய் என்பவர் 1990-களின் கடைசியில் வெளியிட்ட ‘சீமோய்’ சர்க்யூட். ஒரு 9 வோல்ட் பேட்டரி, எட்டுக் கால் ஐசி ஒன்று (இங்கே பேசுவது ஓபிஏ2134), கொஞ்சம் ரெசிஸ்டர், கெபாசிட்டர். எல்லாம் ஒரு மிட்டாய் டப்பாவுக்குள் போய்விடும். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கே: என்னிடம் இருப்பது 600 ரூபாய் இயர்ஃபோன். இதைச் செய்து மாட்டினால் சத்தத்தின் தரம் கூடுமா? (விருதுநகர்)

ப: கூடாது. அந்தக் காசையும் சேர்த்து நல்ல இயர்ஃபோன் வாங்குங்கள்.

கே: 300 ஓம் ஹெட்ஃபோன் வாங்கிவிட்டேன். போனில் முழு வால்யூம் வைத்தாலும் சன்னமாகத்தான் கேட்கிறது. சீமோய் போதுமா? (கோவை)

ப: இது உங்களுக்காகவே பிறந்த டப்பா. 9 வோல்ட்டில் ஓடும்போது சுமார் 2 வோல்ட் ஆர்எம்எஸ் வெளியே வரும். 300 ஓமில் அது 13 மில்லிவாட். வீட்டில் கேட்கத் தாராளம். ஓம் அதிகமாக இருந்தால் வோல்ட் வேண்டும், குறைவாக இருந்தால் கரன்ட் வேண்டும். இந்த ஐசி 35 மில்லிஆம்பியரோடு மூச்சு வாங்கும்; அதனால் கரன்ட் குடிக்கும் பிளேனர் (தட்டை டயஃப்ரம்) ஹெட்ஃபோன் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

கே: ரிச்சி ஸ்ட்ரீட்டில் ‘ஒரிஜினல்’ என்று சொல்லி ஓபிஏ2134 கொடுத்தார்கள். விலை பாதிதான். உண்மையானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (சென்னை)

ப: எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அச்சடிக்கும் வேலை இப்போது அவ்வளவு சுத்தமாக நடக்கிறது. நானே ஒரே நாளில் பத்து வாங்கினேன், பத்தும் போலி. மல்டிமீட்டர் ஒன்றைத்தான் நம்பலாம்.

முதலில் எல்ஈடியைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் ஒரு கம்பியில் மீட்டரைத் தொடராக வைத்துக் கரன்ட் பாருங்கள். அசல் ஐசி சுமார் 8 மில்லிஆம்பியர் எடுக்கும். வோல்ட்டேஜை இரண்டாகப் பிரிக்கும் இரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 1 மில்லிஆம்பியர் எடுக்கும். ஆகக் கூட்டி 9-ஐ ஒட்டி வர வேண்டும். 4 தான் காட்டுகிறது என்றால் உள்ளே இருப்பது 4558 அல்லது டிஎல்072 என்ற வேறு ஐசி.

அடுத்து, ஹெட்ஃபோனைச் செருகாமல், வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, அவுட்புட் ஜாக்கில் டிசி வோல்ட் பாருங்கள். அசல் என்றால் 5 மில்லிவோல்ட் அளவில் இருக்கும். எவ்வளவு மோசமானாலும் 22-ஐத் தாண்டாது. 200-ஐ ஒட்டிக் காட்டினால் அது 5532 என்ற வேறு ஐசி. அந்த ஐசி உள்ளே இழுக்கும் கரன்ட், இன்புட்டில் உள்ள 100 கிலோ ஓமில் 20 மில்லிவோல்ட்டாகி, 11 மடங்கு பெருகி வெளியே வருகிறது. அந்த நிலையில் ஹெட்ஃபோனைச் செருகாதீர்கள். உள்ளே அதிர்ந்து சத்தம் எழுப்பும் டயஃப்ரம் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டே கிடக்கும்.

5532 கெட்ட ஐசி இல்லை. அதன் பெயரிலேயே விற்றால் யாருக்கும் வழக்கில்லை. கையில் இருப்பது அதுதான் என்றால் 100 கிலோ ஓமை 10 கிலோ ஓமாகவும், இன்புட் கெபாசிட்டர் 0.1 மைக்ரோஃபாரடை 1 மைக்ரோஃபாரடாகவும் மாற்றுங்கள். பேஸ் குறையாது, டிசியும் அடங்கும்.

கே: ஆன்லைனில் வாங்கிய ஐசி, சாக்கெட்டில் உட்காரவே இல்லை. கடுகு அளவில் இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா? (தஞ்சாவூர்)

ப: இல்லை. பெயரின் கடைசி இரண்டு எழுத்தை நீங்கள் படிக்கவில்லை. ‘பிஏ’ என்று முடிந்தால் சாக்கெட்டில் செருகுவது, ‘யூஏ’ என்று முடிந்தால் போர்டின் மேலேயே ஒட்டிப் பற்றவைப்பது. அடாப்டர் போர்டு கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள்.

கே: வால்யூமைத் தொட்டாலே காது கிழிகிறது. குறைத்தால் இடது காதில் மட்டும் கேட்கிறது. வால்யூம் கன்ட்ரோல் பழுதா? (மதுரை)

ப: பழுது இல்லை, கெயின்தான் (பெருக்கும் அளவு) அதிகம். 1 கிலோ ஓமும் 10 கிலோ ஓமும் சேர்ந்து 11 மடங்கு பெருக்குகின்றன. போனுக்கு 3 மடங்கே தாராளம். இரண்டு சேனலிலும் 10 கிலோ ஓமை எடுத்துவிட்டு 2.2 கிலோ ஓம் போடுங்கள். குமிழ் நடுவில் நிற்கும். இரட்டை வால்யூம் கன்ட்ரோல் எல்லாமே அடிமட்டத்தில் இடம் வலம் ஒத்துப்போகாது. மேலே ஏற ஏறச் சரியாகிவிடும். கூடவே அதன் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். வேண்டியது ‘ஏ10கே’, அதில் சத்தம் காதுக்கு ஏற்றபடி மெல்ல ஏறும். ‘பி10கே’ லீனியர், முதல் கால் சுற்றிலேயே எல்லாச் சத்தமும் வந்துவிடும். கடைக்காரரிடம் ‘ஒரு 10கே கொடுங்க’ என்று மட்டும் கேட்டால் அவர் ‘பி’தான் எடுத்துக் கொடுப்பார். அவர் மேல் தப்பில்லை.

கே: பேட்டரிக்குப் பதில் பவர்பேங்கிலிருந்து 9 வோல்ட் எடுத்தேன். அதே பவர்பேங்கில் போனையும் சார்ஜ் போட்டதும் சத்தம் கரகரக்கிறது, ஐசி சுடுகிறது. (சேலம்)

ப: உடனே கழற்றுங்கள். இந்த சர்க்யூட்டில் ஆடியோவின் கிரவுண்ட் என்பது பேட்டரியின் மைனஸ் அல்ல, இரு 4.7 கிலோ ஓமும் சேரும் நடுப்புள்ளி. போனிலோ இரண்டும் ஒன்று. இரண்டுக்கும் ஒரே பவர்பேங்க் கொடுத்தால் யூஎஸ்பி மைனஸ் வழியாக நடுப்புள்ளியும் மைனஸும் ஷார்ட் ஆகிவிடும். தகர டப்பாவிலும் இதே ஆபத்து உண்டு: அடாப்டர் ஜாக், ஆடியோ ஜாக் இரண்டின் உலோக உடம்பும் தகரத்தைத் தொட்டால் இதே கதிதான். ஒன்றைப் பிளாஸ்டிக் ஜாக்காகப் போடுங்கள்.

கே: பேட்டரி பத்து மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. எது வாங்கலாம்? (நாகர்கோவில்)

ப: ‘6எஃப்22’ என்று போட்டிருந்தால் அது கார்பன்-ஜிங்க், மேலே ‘ஹெவி டியூட்டி’ என்று இருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். ஆல்கலைன் என்றால் ‘6எல்ஆர்61’. 500 மில்லிஆம்பியர்-மணி அளவு தரும், நாற்பது மணி நேரம் போலக் கேட்கலாம். எல்ஈடிக்கு 1 கிலோ ஓம் போட்டிருந்தால் ஐசி சாப்பிடுவதில் முக்கால் பங்குக்கு மேல் அதுவே சாப்பிடும். 10 கிலோ ஓம் போடுங்கள். யூஎஸ்பியில் சார்ஜ் ஏற்றும் லித்தியம் 9 வோல்ட் வேண்டவே வேண்டாம். உள்ளே வோல்ட்டேஜை ஏற்றும் குட்டி சர்க்யூட் ஒன்று இருக்கிறது, அதன் கீச்சு ஹெட்ஃபோனில் கேட்கும். என் மேஜை டிராயரில் இரண்டு தூங்குகின்றன.

கே: கிட் ஒன்று ஆன்லைனில் வாங்கினேன். இரண்டு கெபாசிட்டர் இல்லை, ஐசி போலி. ‘கிட்டுக்கு ரிட்டர்ன் கிடையாது’ என்கிறார்கள். சின்னத் தொகை, விட்டுவிடலாமா? (திருநெல்வேலி)

ப: விடாதீர்கள். தப்பு உங்களுடையது அல்ல. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பில்லில் அச்சடித்துவிட்டால் சட்டமாகிவிடும் என்று வியாபாரிகள் நினைப்பதும், வாங்குகிறவர்கள் அதை நம்புவதும் எனக்குத் தீராத எரிச்சல். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு சொல்லவில்லை என்றால் 30 நாள். பில்லே கொடுக்காமல் விடுவதும் அதே பட்டியலில் இருக்கிறது. நாமோ பத்து ரூபாய் வரியை மிச்சம் பிடிக்க ‘பில் வேண்டாம்’ என்கிறோம். ஐசி போலி என்று தெரிந்ததும் அதே கடையில் போய்க் கத்துகிறோம். எதைக் காட்டிக் கத்துவது?

உங்களிடம் ஆர்டர் விவரம் இருக்கிறது, அதுவே பில். கிட்டைப் பற்றவைக்காமல் அப்படியே படம் எடுங்கள். விற்பனைத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் உங்கள் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம்; பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, கெடு 2 ஆண்டு.

கே: பேட்டரியை ஒரு நொடி தலைகீழாகத் தொட்டுவிட்டேன். இப்போது சத்தமே இல்லை. கியாரண்டியில் ஐசி மாற்றித் தருவார்களா? (ஈரோடு)

ப: தர மாட்டார்கள். அடுத்த ஐசி வாங்கும்போது 1என்5817 டயோடு ஒன்றும் வாங்கி, பேட்டரியின் பிளஸ் கம்பியில் தொடராகப் போடுங்கள்; தலைகீழாகத் தொட்டால் அது கரன்ட்டைத் தடுத்துவிடும்.