இறால் மட்டும் காணாமல் போகிறதா? தூண்டில் முள்ளை மாற்றிப் பாருங்கள்

புளோரிடாவில் பியரில் (கடலுக்குள் நீளும் மேடை) நின்று 3/0 முள்ளில் இறால் கோத்துப் போட்டால், மீன் மாட்டாமல் இறால் மட்டும் போகிறது, இடத்தை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். இடத்தை மாற்ற வேண்டாம், முள்ளை மாற்றினால் போதும். நீங்கள் போட்டிருக்கும் 3/0 முள் இந்த இரைத் திருடனுக்குப் பெரிது. தண்டு குட்டையான, கனமான கம்பியில் செய்த, அதைவிடச் சிறிய 1ஆம் எண் முள் போடுங்கள்.

புளோரிடாவில் மெக்சிகோ வளைகுடாப் பக்கம், மார்ச் மாதம், பியர் தூணை ஒட்டி, கடித்ததே தெரியாமல் இறால் போகிறது என்றால் அது பெரும்பாலும் ஷீப்ஸ்ஹெட் என்ற மீன்தான். முட்டையிடும் பருவத்தில் தூண்களைச் சுற்றியே திரியும். வாயைத் திறந்து பாருங்கள், அச்சு அசல் மனிதப் பல். முதல் தடவை பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது! தூணில் ஒட்டி வளரும் கெட்டி ஓட்டு உயிரான கொட்டலசையே நொறுக்கும் பல் அது. இரையை இழுத்துக்கொண்டு ஓடாது, நின்ற இடத்திலேயே மென்று ஓட்டைத் துப்பிவிடும்.

உறுதி செய்ய, இறாலுக்குப் பதில் உயிருள்ள பிடில் நண்டை (ஒரு வகைச் சிறு நண்டு) கோத்து, தூணிலிருந்து அரை அடி தள்ளி நேராக இறக்குங்கள். தூண்டில் நரம்பு தொய்யக் கூடாது. கொஞ்சம் கனம் கூடினாலே போதும், வெட்டி இழுக்காமல் நிதானமாகத் தூக்குங்கள். மீன் மாட்டாமல் நண்டு ஓடு நொறுங்கி வந்தால் அதே ஆள்தான். அப்புறம், இறால் ஓரங்களில் பிய்ந்து வந்தால் அது பின்ஃபிஷ் என்ற சிறு மீனின் வேலை, முள்ளை மாற்றியும் பயனில்லை.

ஷீப்ஸ்ஹெட்டின் முதுகு முள் கையைக் கிழித்துவிடும். அதனால் துணியோடு பிடியுங்கள். பெரிய மீனை நரம்பிலேயே மேலே தூக்காதீர்கள், கயிற்றில் கட்டிய வளையவலையை இறக்கி அதில் ஏந்தித் தூக்குங்கள். தூணில் கொட்டலசு சுரண்டும் எண்ணம் இருந்தால் முதலில் அந்தப் பியரின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.