காதில் விழாத ஆங்கிலம் – கடிதம்

வணக்கம் சார்,

மண்ணடியில் கப்பல் சரக்கு அனுப்பும் ஒரு ஃபார்வர்டிங் ஆபீஸில் டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். வீடு திருவொற்றியூரில். ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம், அப்புறம் பி.காம். மெயில் எல்லாம் நானே படித்து நானே பதில் போடுவேன். இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. ஆறு மாதமாக வெளிநாட்டு ஏஜென்ட்களின் போனையும் நான்தான் எடுக்கிறேன். நெதர்லாந்தின் ரோட்டர்டாம், இங்கிலாந்தின் ஃபெலிக்ஸ்டோ, நியூயார்க் மூன்று இடத்திலிருந்தும் வரும். பாதிக்கு மேல் புரிவதில்லை. 'யெஸ், யெஸ், ப்ளீஸ் மெயில் மி' என்று சொல்லி வைத்துவிடுகிறேன். போன மாதம் ஒரு எல்சிஎல் சரக்குக்கு (கன்டெய்னரை மற்றவர்களோடு பகிர்ந்துகொண்டு போவது), சிபிஎம்முக்கு, அதாவது கன மீட்டருக்கு, 15 டாலர் என்று அவர்கள் சொன்னதை 50 என்று எழுதிக்கொண்டு கோட் போட்டேன். பார்ட்டி வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

தினமும் ராத்திரி சமைக்கும்போது ஒரு மணி நேரம் இங்கிலீஷ் நியூஸ் ஓடவிடுகிறேன். ஒரு முன்னேற்றமும் தெரியவில்லை. எனக்கு வார்த்தை போதவில்லையா? ஏதாவது கோர்ஸில் சேரட்டுமா?

ப., திருவொற்றியூர்

அன்புள்ள ப.,

வார்த்தைக்கு உங்களிடம் பஞ்சமில்லை. மெயிலில் வந்தால் புரிகிற வாக்கியம் போனில் வந்தால் புரியவில்லை என்றால், அதிலுள்ள சொற்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான். பேச்சில் அவை என்ன உருவத்தில் வரும் என்பதுதான் தெரியாது. ஆங்கிலத்தைக் கண்ணால் கற்றவர்கள் எல்லாருக்கும் உள்ள சிக்கல் இது. இங்கிலீஷ் மீடியம் படித்தவர்களும் இதில் அடக்கம்.

உங்கள் பக்கத்துப் பேச்சையே எடுத்துக்கொள்வோம். புத்தகத்தில் தமிழ் படித்த ஒரு வெளிநாட்டுக்காரர் தண்டையார்பேட்டைக்கு வருகிறார். 'என்ன பண்ணிக்கொண்டு இருக்கிறாய்' அவருக்கு அத்துப்படி. 'இன்னா பண்ணினுகீற' என்று கேட்டுப்பாருங்கள், திருதிருவென்று விழிப்பார். அகராதியில் தேடவும் வழியில்லை, எங்கே ஒரு சொல் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்றே அவருக்குத் தெரியாது. ஃபெலிக்ஸ்டோக்காரர் 'வாட் டு யூ வான்ட் மி டு டூ' என்பதை 'வாடய வான்மிட டூ' என்று சொல்லும்போது நீங்கள் இருப்பது அந்த இடத்தில்தான்.

நமக்குக் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. எந்தச் சொல்லில் வந்தாலும் ஏறக்குறைய அந்த அளவு கிடைத்துவிடும். ஆங்கிலத்தில் செய்தியைத் தாங்கும் சொல் மட்டும் அழுத்தம் பெற்று நீளும். டு, ஃபார், அட், ஆஃப், கேன், ஹேவ் மாதிரியானவை நம் குற்றியலுகரம்போலத் தேய்ந்து பக்கத்துச் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். 'நெக்ஸ்ட் வீக்' என்பதில் ட் வராது, 'நெக்ஸ்வீக்'தான். அமெரிக்கர் வாயில் 'ட்வென்டி' 'ட்வெனி' ஆகும், 'இன்டர்நேஷனல்' 'இனர்நேஷனல்' ஆகும். டச்சுக்காரர்கள் சொல்லின் கடைசியில் வரும் மெல்லொலியை வல்லொலியாக்குவார்கள், g என்பது k ஆகிவிடும். அவர்கள் சொல்வது பையா (bag) முதுகா (back) என்று குழப்பம் வரும். (தமிழில் எழுதினால் இரண்டுமே 'பேக்' என்பது நம் பங்குக்கு.)

உங்கள் வேலையில் காசு போகிற இடங்கள் சில இருக்கின்றன. அவற்றை முதலில் பிடியுங்கள்.

ஒன்று, உங்களைக் கவிழ்த்த 15, 50. 'ஃபிஃப்டீன்' என்றால் கடைசியில் அழுத்தம், 'ஃபிஃப்டி' என்றால் முதலில் என்று பாடப்புத்தகம் சொல்லும். தனியாகச் சொன்னால் சரி. 'ஃபிஃப்டீன் டாலர்ஸ்' என்று பின்னால் ஒரு சொல் சேர்ந்தால் அழுத்தம் முன்னால் நகர்ந்துவிடும். கடைசி ன் அடுத்த ட-வோடு கலந்துவிடும். அப்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிதும் உயிரின் நீளம்தான். ஆங்கிலேயர்களுக்கே போனில் இது தடுமாறும், அதனால்தான் 'ஒன் ஃபைவ், ஆர் ஃபைவ் ஸீரோ?' என்று கேட்பது அங்கே சாதாரணம். 13 முதல் 19 வரை எந்த எண் வந்தாலும் இப்படிக் கேட்பதை வழக்கமாக்குங்கள், சந்தேகம் இல்லாவிட்டாலும்.

இரண்டு, முடியுமா முடியாதா. 'வி கேன் லோட் இட்' என்பதில் 'கேன்' தேய்ந்து 'க்ன்' என்று ஓடிவிடும், அழுத்தம் 'லோட்' மேல் விழும். 'வி கான்ட்' என்றால் அந்தச் சொல்லே அழுத்தமாக, முழு உயிரோடு வரும். ட் கேட்கிறதா என்று காத்திருக்காதீர்கள், அமெரிக்கர் அதை விழுங்கிவிடுவார். உயிர் தெளிவாகக் கேட்டால் பெரும்பாலும் மறுப்பு.

மூன்று, 'வில் ஷிப்பிட்'டும் (அனுப்புவோம்) 'வி ஷிப்டிட்'டும் (அனுப்பிவிட்டோம்). ஒன்றில் சரக்கு இன்னும் கோடவுனில் இருக்கிறது, மற்றதில் கடலில். இடையில் ஒரு ல், ஒரு ட், அவ்வளவுதான். இங்கே 'வென்?' என்று ஒரு கேள்வி போட்டால் போதும், பதிலில் தேதி வந்து காலத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நான்காவது கேட்பதில் வருவதல்ல, பதிலில் வருவது. 'ஹேவன்ட் யூ காட் த டிராஃப்ட்?' என்று அவர் கேட்கிறார். டிராஃப்ட் வரவில்லை. நமக்கு 'வரலையா?' என்றால் 'ஆமா, வரல'. அந்தப் பழக்கத்தில் 'யெஸ்' என்றால் வந்துவிட்டது என்று அவர் எடுத்துக்கொள்வார். ஆங்கிலத்தில் கேள்வி எப்படித் திரும்பியிருந்தாலும் வராததற்கு 'நோ'தான். வெறும் யெஸ்-நோவோடு நிறுத்தாமல் 'நோ, நாட் யெட்' என்று முழுதாகச் சொல்லுங்கள்.

இனி பயிற்சி. சமைக்கும்போது ஓடும் நியூஸ் கெடுதல் இல்லை, ஆனால் அது பயிற்சி இல்லை. எதைத் தவறவிட்டீர்கள் என்று உங்களுக்குச் சொல்ல அங்கே ஆளில்லை. போதாததற்கு, நியூஸ் வாசிப்பவர் எழுதியதைப் படிக்கிறார், தெளிவாக, யாரும் குறுக்கிடாமல். உங்களுக்கு வரும் போன் அப்படி இருக்காது. ஒரு மணி நேரத்தை விடுங்கள். ஒரு நிமிட ஒலிப்பதிவு எடுங்கள், எழுத்து வடிவம் கையில் இருப்பதாக. ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 150 சொல் இருக்கும், ஒரு நாளுக்கு அது தாராளம்.

முதல் முறை நிறுத்தாமல் கேளுங்கள். யார், யாரிடம், எதைப் பற்றி என்று ஒரே வரி, தமிழிலேயே எழுதுங்கள். இரண்டாவது முறை வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி, கேட்டதை அப்படியே நோட்டில் எழுதுங்கள். அடையாளம் தெரிந்த சொல்லை ஆங்கில எழுத்தில். தெரியாமல் ஓடிப்போன ஒலியைத் தமிழ் எழுத்தில், காதில் விழுந்தபடியே, 'வான்மிட' என்றால் 'வான்மிட'. வெற்றிடமாக விடக் கூடாது. இந்தத் தமிழ்த் துண்டுகள்தான் நாளைக்கு உங்களுக்குப் பாடம். பிறகு ஓட்டை உள்ள இடங்களை மட்டும் மூன்று முறை கேளுங்கள். அதற்கு மேல் வேண்டாம். ஐந்து தடவை கேட்டு விழாதது பத்தாவது தடவையும் விழாது, எரிச்சல்தான் மிஞ்சும்.

இப்போது எழுத்து வடிவத்தைத் திறந்து சிவப்புப் பேனாவால் திருத்துங்கள். பலரும் இங்கே 'ஓ, இதுவா' என்று சொல்லிவிட்டு மூடிவைத்துவிடுகிறார்கள், அதோடு அன்றைய உழைப்பு வீண். ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் ஓர் எழுத்துப் போடுங்கள். சொல்லே தெரியாது என்றால் 'சொ'. தெரிந்த சொல், ஆனால் காதில் விழவில்லை என்றால் 'கா'. எல்லாச் சொல்லும் விழுந்தது, ஆனால் பொருள் சேரவில்லை என்றால் 'பொ'. இரண்டு வாரத்தில் எது அதிகம் என்று தெரிந்துவிடும். உங்களுக்குக் 'கா'தான் குவியும் என்று நினைக்கிறேன். 'சொ'வுக்கு அகராதி போதும். 'கா' விழுந்த துண்டை ஒலிப்பதிவோடு சேர்ந்து அதே வேகத்தில், அதே விழுங்கலோடு, பத்து முறை வாய்விட்டுச் சொல்லுங்கள். தன் வாய்க்குப் பழகிய ஒலி காதுக்குச் சீக்கிரம் அகப்படும். 'பொ' வந்தால் பேச்சு உங்களை விட வேகமாக ஓடியிருக்கிறது. மறுநாள் அதையே திரும்பக் கேட்பதைத் தவிர வேறு மருந்து எனக்குத் தெரியாது.

இதெல்லாம் 25 நிமிடம். வாரம் நான்கு நாள் போதும். மறுநாள் காலை மெட்ரோவில் மண்ணடி போகிற வழியில் நேற்றைய நிமிடத்தைக் காகிதம் இல்லாமல் இரண்டு தடவை கேளுங்கள். புதியதை ரயிலில் தொடங்காதீர்கள். சுரங்கப் பாதையின் இரைச்சலில் ட், த் எல்லாம் ஏற்கெனவே போயிருக்கும், உங்கள் காதின் மேல் பழி விழும்.

வேகத்தைக் குறைத்துக் கேட்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். அவர் சொல்லாமல் விட்ட ட், முக்கால் வேகத்தில் ஓட்டினாலும் சொல்லாமல் விட்டதுதான். நிறுத்தி நிறுத்திக் கேட்பது வேறு, இழுத்துக் கேட்பது வேறு.

ஒலிப்பதிவுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. முதல் மாதம் பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன்இங்கிலீஷ் தளத்தில் பிசினஸ் பகுதியும், பிபிசி லேர்னிங் இங்கிலீஷின் ஆறு நிமிட நிகழ்ச்சியும் போதும், இரண்டுக்கும் எழுத்து வடிவம் உண்டு. ஆனால் அவை மாணவர்களுக்காகப் பேசப்பட்டவை, கொஞ்சம் சுத்தமாகவே இருக்கும். இரண்டாம் மாதம் அசலுக்கு வாருங்கள். பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகள், காலாண்டு முடிவுக்குப் பிறகு முதலீட்டாளர்களோடு பேசுவதன் ஒலிப்பதிவையும் எழுத்து வடிவத்தையும் வெளியிட வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. எண்ணூரில் ஆலை வைத்திருக்கும் அசோக் லேலண்ட், உங்கள் திருவொற்றியூரில் 1950-களில் தொழிற்சாலை தொடங்கிய ராயல் என்ஃபீல்டை நடத்தும் ஐஷர் மோட்டார்ஸ் இரண்டுமே இப்படிப் பேசுகின்றன. தொடக்க உரையைத் தாண்டிவிடுங்கள், அது பார்த்துப் படிப்பது. கேள்வி பதில் பகுதியில்தான் குறுக்குப் பேச்சு, இழுவை, மோசமான லைன், எண்ணுக்கு மேல் எண். உங்களுக்கு வேண்டியது அதுதான். எழுத்து வடிவத்தில் கொஞ்சம் திருத்தி எழுதியிருப்பார்கள், ஒன்றிரண்டு சொல் பொருந்தாவிட்டால் உங்கள் காதைச் சந்தேகிக்க வேண்டாம்.

கோர்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம். பெரும்பாலான ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் உங்களைப் பேசவைப்பார்கள், கேட்கவைக்க மாட்டார்கள். அளந்து பார்க்க ஆசையிருந்தால், அலுவலக ஆங்கிலத்தைச் சோதிக்கும் டோயிக் (TOEIC) தேர்வின் மாதிரித் தாள் இணையத்தில் கிடைக்கும். கேட்கும் பகுதி 100 கேள்வி, 45 நிமிடம், பெரும்பாலும் அலுவலகப் பேச்சு. அதில் இரண்டாம் பகுதி உங்களுக்கென்றே செய்தது போலிருக்கும். ஒரு கேள்வி, மூன்று பதில், காகிதத்தில் ஒன்றுமே அச்சாகியிருக்காது. 'எப்போது அனுப்புவீர்கள்' என்ற கேள்விக்குச் சரியான விடை பல சமயம் தேதியாக இருக்காது, 'கோடவுனில்தான் கேட்க வேண்டும்' என்பது மாதிரி இருக்கும். நிஜத்திலும் அப்படித்தானே சொல்கிறார்கள்.

கடைசியாக, நாளைக்கே வரப்போகும் போனுக்கு. சாதாரண போன் லைன் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தும். எஸ், எஃப் இரண்டையும் பிரித்துக்காட்டும் ஒலி பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது. அதனால் போனில் அவை ஒன்றாகக் கேட்பது உங்கள் குறை அல்ல. எம், என் குழப்பமும் பி, டி, இ, வி குழப்பமும் போனில் சாதாரணம். எழுத்துக்கு எழுத்து சொல்வதற்கு, 1956 முதல் விமானத் துறையில் உள்ள ஆல்ஃபா, பிராவோ, சார்லி வரிசையை மனப்பாடம் செய்யுங்கள். 26 சொல்தான். 'எம் ஃபார் மெட்ராஸ்' நமக்குள் ஓடும், ரோட்டர்டாமில் ஓடாது. கன்டெய்னர் எண்ணில் நான்கு எழுத்து, ஏழு இலக்கம். கடைசி இலக்கம் மற்ற பத்தையும் வைத்துக் கணக்கிட்ட சோதனை எண். பேசிக்கொண்டிருக்கும்போதே டிராக்கிங்கில் அடித்துப்பாருங்கள். ஒரு இலக்கத்தைத் தவறாகக் கேட்டிருந்தாலும் பெரும்பாலும் ஏற்காது. லைனில் இருக்கும்போதே கேட்டுவிடலாம்.

'சாரி?' என்று மட்டும் கேட்காதீர்கள், அவர் முழு வாக்கியத்தையும் அதே வேகத்தில் திரும்பச் சொல்வார். புரிந்த பகுதியைச் சொல்லி, புரியாததை மட்டும் கேளுங்கள்: 'த வெசல் அரைவ்ஸ் ஆன்...?' அவர் அந்த ஒரு சொல்லை மட்டும் நிறுத்தி, அழுத்திச் சொல்வார். 'த பாக்ஸ் காட் ரோல்ட்' என்றால் பெட்டி எங்கும் உருளவில்லை, இந்தக் கப்பலில் ஏறாமல் அடுத்ததற்குத் தள்ளப்பட்டது. 'ஐம் அஃப்ரெய்ட்' என்று தொடங்கினால் பின்னால் வருவது கெட்ட செய்தி, பேனாவை எடுங்கள். 'ஹாஃப் செவன்' ஃபெலிக்ஸ்டோவில் ஏழரை. டச்சு மொழியில் அதே தொடருக்கு ஆறரை என்று பொருள், ரோட்டர்டாம்காரருக்கு எப்போதாவது வாய் தவறலாம். தேதியை 'ஃபோர் ஃபைவ்' என்று இலக்கமாகச் சொன்னால் நியூயார்க்கில் ஏப்ரல் 5, ஃபெலிக்ஸ்டோவில் மே 4. மாதத்தின் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

போனை வைப்பதற்கு முன் 'லெட் மி ரீட் தட் பேக்' என்று சொல்லி எண், தேதி, டாலர் மூன்றையும் திருப்பிப் படியுங்கள். 'ப்ளீஸ் மெயில் மி' என்பதற்குப் பதில் நீங்களே அரை மணிக்குள் அந்த மூன்றையும் மெயிலில் போட்டுவிடுங்கள். தவறு இருந்தால் திருத்துவார். அந்தத் திருத்தத்தையும் நோட்டில் 'கா' போட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.