சமகாலக் கலைஞர் ஒருவரின் படைப்பு உங்களைக் கலங்க வைத்திருக்கிறதா?

வைத்திருக்கிறது. இத்தனைக்கும் கலைக்கூடம் பக்கம் தலைவைத்துப் படுக்காத ஆள் நான். கட்டுமான மேற்பார்வையாளன், கம்பியும் கான்கிரீட்டும்தான் பிழைப்பு. என்னைக் கலங்கடித்ததும் கம்பிதான். சீனக் கலைஞர் ஐ வெய்வெய் கம்பியை வைத்துச் செய்த ஒரு படைப்பு. அதற்கு அவர் வைத்த பெயருக்கு 'நேர்', அதாவது வளையாதது, என்று பொருள்.

2008 மே 12 பிற்பகலில் சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் நிலநடுக்கம். பள்ளிகளில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கட்டடங்கள் தாக்குப்பிடித்த இடங்களிலும் பள்ளிக்கூடம் மண்ணோடு மண்ணானது. அப்படி மட்டமாகக் கட்டியதைச் சீனர்கள் 'தோஃபு சக்கை' என்பார்கள். சோயாப் பாலைப் பிழிந்தபின் மிஞ்சுகிற சக்கை. ஐ வெய்வெய் தன்னார்வலர்களைத் திரட்டி, வீடு வீடாகக் கேட்க வைத்து, இறந்த பிள்ளைகள் 5,000 பேருக்கும் மேல் பெயர் பெயராகப் பட்டியலிட்டார். 2009-இல் சிச்சுவானின் தலைநகர் செங்டுவில் போலீஸ்காரர்களிடம் அடி வாங்கி, மியூனிக்கில் மூளையில் அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டியிருந்தது. இடிபாடுகளில் முறுக்கிக் கிடந்த சுமார் 150 டன் கம்பியை வாங்கி, ஒவ்வொன்றாகக் கையால் அடித்து நிமிர்த்த வைத்தார். நிமிர்த்தியவற்றை நடுவே பிளவு ஓடும் நிலம்போல அடுக்கினார். 2015-இல் லண்டனில் வைத்தபோது சுவர் முழுக்க அந்தப் பெயர்கள்.

நான் நேரில் பார்க்கவில்லை. நிமிர்த்தும் வேலையின் வீடியோவைத்தான் பார்த்தேன். அந்தச் சம்மட்டிச் சத்தம் நான் நாள்தோறும் கேட்பது. எங்கள் ஆட்களும் கம்பியைப் புரட்டிப் புரட்டித் தட்டி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்ப்பார்கள். ஆனால் கோணிப்போன பழைய கம்பியை இங்கே நிமிர்த்துவது பெரும்பாலும் புதியதோடு கலந்து கணக்குக் காட்டத்தான். அங்கே நிமிர்த்தியதோ இனி எந்தக் கட்டடத்துக்கும் போகாது.

சாவை வைத்துப் பெயர் வாங்குகிறார் என்று அவரைத் திட்டுபவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். அந்தப் பிள்ளைகளின் பெயர்களை வேறு யார் சுவரில் எழுதி வைத்தார்கள்?

ஒரு தூணில், நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் 6 அங்குலத்துக்கு ஒன்று வர வேண்டிய இடத்தில் 9 அங்குலம் இருந்தது. பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டவன் நான். கட்டடம் நிற்கிறது. பள்ளிக்கூடம் இல்லையே என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன். வீடியோ பார்த்த மறுநாள் கான்கிரீட் வண்டியை ஒரு மணி நேரம் நிறுத்திவைத்து, நாடாவோடு ஒவ்வொரு ரிங்காக அளந்தேன். மேஸ்திரி கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.