எச்.ஐ.வி. சிகிச்சையும் தாய்மை ஆசையும்: வாசகியர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

நான்கு ஆண்டுகளாக ஏ.ஆர்.டி. மாத்திரை (எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து) சாப்பிடுகிறேன். தொற்று தெரிந்தபோது குழந்தைப் பேச்சே வேண்டாம் என்றிருந்தேன். இப்போது ஆசை வருகிறது. இது தவறா? (பென்னாகரம்)

தவறே இல்லை. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்குவதற்கு முன், தொற்றுள்ள பெண்களின் கவலையெல்லாம் இருக்கிற பிள்ளையைத் தங்களுக்குப் பின் யார் வளர்ப்பார்கள் என்பதாகவே இருந்தது. மாத்திரை உடலைத் தேற்றி, எடை கூடி, காட்டு வேலைக்கோ ஓசூர் கம்பெனி வேலைக்கோ மறுபடி போகத் தொடங்கிய பிறகுதான் பத்து வருடம் கழித்து நடக்கப்போவதைப் பற்றி யோசிக்கவே மனம் துணிகிறது. குழந்தை ஆசையும் அந்தத் துணிவோடு சேர்ந்தே வருகிறது. சிகிச்சையே இல்லாவிட்டால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத் தாயிடமிருந்து தொற்று பரவக்கூடும். கருத்தரிக்கும் முன்பே சிகிச்சை தொடங்கி, கர்ப்பகாலம் முழுவதும் இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருந்தால், பிரசவம் வரையிலான அந்த ஆபத்து 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆகவே ஆசையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. முதலில் இரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வைரல் லோடு பரிசோதனை முடிவைக் கேட்டு வாங்குங்கள், ஃபோலிக் அமில மாத்திரையை இப்போதே தொடங்குங்கள்.

எனக்குத் தொற்று உண்டு, கணவருக்கு இல்லை. இயற்கையாகக் கருத்தரிக்கலாமா? (பாலக்கோடு)

வைரல் லோடு குறைந்தது ஆறு மாதமாகக் கண்டறிய முடியாத அளவில் இருந்து, நீங்கள் ஒரு நாளும் மாத்திரையை விடாமல் இருந்தால், உடலுறவின் மூலம் அவருக்குத் தொற்று பரவாது. கருத்தரிப்புக்கு உகந்த நாட்களை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, மற்ற நாட்களில் ஆணுறையைத் தொடருங்கள். இருவரும் பால்வினை நோய்களுக்கான பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது.

எனக்குக் குழந்தை வேண்டாம். நோய் விஷயம் தெரியாத மாமியார், "எப்போது விசேஷம்?" என்று கேட்டபடி இருக்கிறார். (ஊத்தங்கரை)

மாத்திரை டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன்; அப்படி மறைத்து வாழும் வீட்டில் இந்தக் கேள்வி எவ்வளவு கனக்கும் என்பது எனக்குப் புரிகிறது. சிகிச்சை நல்ல பலன் தருவதாலேயே பெற்றுத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் எந்தப் பெண்ணுக்கும் இல்லை. கணவருக்கு விஷயம் தெரியுமானால், பதில் சொல்லும் பொறுப்பை அவர் ஏற்கட்டும். டோலுடெக்ராவிர் என்ற மருந்து அடங்கிய இன்றைய ஏ.ஆர்.டி. மாத்திரையோடு கருத்தடை மாத்திரையைத் தாராளமாக எடுக்கலாம், காப்பர்-டியும் பொருத்திக்கொள்ளலாம். உங்கள் ஒப்புதல் இன்றி மருத்துவமனை ஊழியர் மாமியாரிடம் விஷயத்தைச் சொல்வது 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டத்துக்கு விரோதம்.

ஐந்தாம் மாதத்தில் தொற்று தெரிந்தது. கலைத்துவிடச் சொல்கிறார்கள். (அரூர்)

யார் சொன்னாலும் முடிவு உங்களுடையது. தொற்றுள்ள கர்ப்பிணிக்கு, முழு விவரம் சொல்லி அவருடைய சம்மதம் பெறாமல் கருக்கலைப்போ கருத்தடை அறுவையோ செய்யக் கூடாது என்று அதே சட்டம் தெளிவாகக் கூறுகிறது. நாளைக்கே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. மையத்துக்குச் செல்லுங்கள், இன்றைய மருந்துகள் சில வாரங்களிலேயே வைரஸை வெகுவாகக் குறைக்கின்றன. 32 முதல் 36 வாரத்துக்குள் வைரல் லோடு பார்க்க வேண்டும். எச்.ஐ.வி. இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக சிசேரியன் தேவையில்லை. பயணத்துக்கு முன் பேச வேண்டுமானால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணை அழையுங்கள்.

ஏ.ஆர்.டி. மாத்திரையை இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடலாமா? தாய்ப்பால் கொடுக்கலாமா? (தேன்கனிக்கோட்டை)

வெறும் வயிற்றில் சேர்க்கக் கூடாது. இரும்பும் கால்சியமும் டோலுடெக்ராவிரை உடலில் ஏறவிடாமல் தடுக்கும். அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ ஏ.ஆர்.டி. மாத்திரையைப் போடுங்கள். தாய்ப்பால் கொடுக்கலாம், முதல் ஆறு மாதம் அது மட்டுமே, தண்ணீரோ பசும்பாலோ கலக்கக் கூடாது. நீங்கள் மாத்திரையை விடாதிருப்பதே அப்போதும் பிள்ளைக்குப் பாதுகாப்பு. பிறந்தவுடன் குழந்தைக்குத் தொற்றைத் தடுக்கும் நெவிரபின் சொட்டு மருந்தைத் தொடங்கி, குறைந்தது ஆறு வாரம் கொடுப்பார்கள். ஆறாம் வாரத்தில் முதல் பரிசோதனை. அது நல்லபடியாக வந்தாலும், 18ஆம் மாதப் பரிசோதனை வரை ஒன்றையும் தவறவிடாதீர்கள்.